சித்தப்பாவின் ரோமும் அம்மாவின் வார்டும்

கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போன தலைமுறை நாம். இதை என் மகளிடம் சொன்னால், "ஏன், அது என்ன சாமி ரூமா?" என்று கேட்கிறாள். ஏறக்குறைய அப்படித்தான் என்று சொல்லிவைத்தேன். மவுஸைக் கவிழ்த்து, அடியில் இருக்கிற வட்ட மூடியைத் திருகி, உள்ளே இருக்கும் கனமான ரப்பர் உருண்டையை எடுத்து, பாவாடையில் துடைத்து, ஊதி, மறுபடி போட்டு மூடியவர்கள் உங்களில் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம். கண்ணாடியைத் தேடுவதற்கே ஒரு கண்ணாடி தேவைப்படுகிற வயசு வந்துவிட்டது நமக்கு. கையைத் தூக்கினால் தோள்பட்டை பிடித்துக்கொள்ளும் என்பவர்கள் தலையை ஆட்டினால் போதும்.

அந்த மவுஸை வைத்துக்கொண்டு நான் ரோமாபுரியில் தேர்தல் நடத்திய ஒரு மழைக்காலத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அதே மழைக்காலத்தில் திண்டிவனத்தில் எங்கள் அம்மா நிஜத் தேர்தலில் நின்றாள். அம்மா தோற்க வேண்டும் என்று நான் மாதா சொரூபத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று அழுது வேண்டிக்கொண்டேன். ஒரு பெண் தன் தாய் தோற்கவேண்டும் என்று வேண்டுவாளா என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

சித்தப்பாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அப்பாவின் தம்பி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். நாலைந்து கம்ப்யூட்டர், அட்டைத் தடுப்புகள், ஒரு ஏ.சி. அந்த ஏ.சி. இடுக்கு வழியாகக் கீழே வேகவைத்து விற்கிற மல்லாட்டையின் (எங்கள் ஊரில் வேர்க்கடலைக்கு அதுதான் பேர்) வாசனை மேலே ஏறி வரும். உள்ளே சூடான பிளாஸ்டிக், ரூம் ஸ்பிரே, ஈரக் கால்மிதி எல்லாம் சேர்ந்து ஒரு நெடி. இன்றைக்கும் ஏதாவது பழைய லாட்ஜுக்குள் நுழைந்தால் அந்த நெடி மூக்கில் ஏறி என்னை எட்டாம் வகுப்புக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். மழை பெய்தால் இன்டர்நெட் போய்விடும். இன்டர்நெட் போனால் ஆட்களும் போய்விடுவார்கள். சித்தப்பாவும் நானும் மட்டும் இருப்போம். பர்மா பஜாரில் யாரோ வாங்கிவந்து கொடுத்த ஒரு சி.டி. அவரிடம் இருந்தது. மேலே நீல மார்க்கரில் 'ரோம்' என்று எழுதியிருக்கும், அவ்வளவுதான்.

சண்டை விளையாட்டு என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். பார்த்தால் சண்டை கொஞ்சம், தேர்தல்தான் நிறைய. நாம் ஒரு குடும்பத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த வீட்டுப் பையன்களை ஒவ்வொரு படியாகப் பதவியில் ஏற்ற வேண்டும். முதலில் குவெஸ்டர், அதாவது கணக்குப்பிள்ளை. அப்புறம் ரோடும் குழாயும் திருவிழாவும் பார்க்கிற ஈடில். அப்புறம் தீர்ப்பு சொல்கிற பிரீட்டர். எல்லாவற்றுக்கும் மேலே கான்சல். அது ஒன்றல்ல, இரண்டு பேர், அதுவும் ஒரே ஒரு வருஷத்துக்கு. பொம்பளைகளுக்கு ஓட்டும் இல்லை, பதவியும் இல்லை. கூட்டணி வேண்டுமென்றால் பெண்ணை எதிர்க் குடும்பத்தில் கட்டிக்கொடுக்கலாம், அதற்கு ஒரு பட்டன் இருந்தது. நானும் யோசிக்காமல் அந்தப் பட்டனை அமுக்கிக்கொண்டே இருப்பேன்.

ஓட்டுப் போடும் கட்டம்தான் வேடிக்கை. ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் பிரிந்து நிற்பார்கள். ஒரு கூட்டத்துக்கு ஒரு ஓட்டு. பணக்காரக் கூட்டங்களை முதலில் கூப்பிடுவார்கள். பாதிக்கு மேல் ஒருத்தருக்கு விழுந்துவிட்டால் அத்தோடு தேர்தல் முடிந்தது; மிச்சம் இருப்பவர்களைக் கூப்பிடவே மாட்டார்கள். திரையின் ஓரத்தில் கடைசி வரிசைகளில் நிற்கிற சின்னச் சின்ன மனிதர்கள் அப்படியே நிறம் மங்கிப்போவார்கள்.

"சித்தப்பா, இவங்க ஓட்டு?"

"அதுக்கு வேலையே வராது பாப்பா. அதுக்குள்ள ரிசல்ட் வந்துடும்."

அந்த மங்கிப்போனவர்களுக்கென்று தனியாக ஒரு பதவி இருந்தது, ட்ரிப்யூன் என்று. அவனை அவர்களே தேர்ந்தெடுப்பார்கள், அங்கே பணக்காரன் முதலில் என்கிற வரிசை கிடையாது. படை இல்லை, பகட்டான நாற்காலி இல்லை. ஆனால் அவன் செனட் சபையில் எழுந்து "தடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டால் எந்தத் தீர்மானமும் அப்படியே நிற்கவேண்டியதுதான். எனக்கு அவன்மேல் ஒரு கிறுக்கே பிடித்திருந்தது. சித்தப்பாவுக்குப் பிடிக்காது. "அது சில்லறைப் பதவி பாப்பா, பெரிய வீட்டுக்காரன் எவனும் அத தொடமாட்டான்" என்பார்.

இனி அப்பா. திண்டிவனத்தில் சிமெண்டுக் கடை வைத்திருந்தார். கவுன்சிலர் ஆக வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. வார்டில் எந்தச் சாவு விழுந்தாலும் மாலையோடு முதல் ஆளாய் நிற்பார். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுநன்மை, சுன்னத், எதையும் விடமாட்டார். கஞ்சி போட்டு மொடமொடத்த வேட்டி கட்டி வருஷக்கணக்கில் இதே வேலை. அந்தத் தடவை நிச்சயம் நிற்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். அப்போதுதான் எங்கள் வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கீடு வந்தது. பேப்பரில் பார்த்துவிட்டு அப்பா கடையில் சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்தவர், சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை. அவர் அழுததை நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். அப்போது எனக்குச் சிரிப்பாக இருந்தது. இப்போது அவருடைய அன்றைய வயதுக்கு நான் வந்துவிட்டேன், பாவம் அந்த மனுஷன் என்று தோன்றுகிறது. ஆனால் அந்தப் பாவத்தைச் சுமந்தது யார் என்று நினைத்தால் மறுபடி கோபம் வருகிறது.

சித்தப்பா ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்தவர், ரொம்பச் சுலபமாக வழி சொன்னார்.

"இன்னாண்ணா இதுக்குப் போயி. அண்ணி இருக்காங்களே."

அம்மா அப்போது தன் வெள்ளை யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல், "எனக்கு வேணாங்க" என்றாள்.

"உன்ன யாரு வேலை செய்யச் சொன்னா? நீ நின்னா போதும், மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார் அப்பா.

"என் வேலை?"

"கவுன்சிலரம்மா ஆஸ்பத்திரில ஊசி குத்திக்கினு இருந்தா எவன் மதிப்பான்? விட்டுடு. இத்தனை வருசம் செஞ்சது போதும்."

அம்மா விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆபரேஷன் தியேட்டரில் வேலை. விடிகாலை ரயிலில் போய்விட்டுப் பொழுது சாய்ந்து வருவாள். ஒரு லீவு நாளில் என்னையும் கூட்டிப்போனாள். அந்த நாளை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். ஸ்பிரிட் வாசனை, பினாயில் போட்டுக் கழுவின தரை, வேகவைத்த கருவிகளிலிருந்து எழும்புகிற ஆவி. தியேட்டர் கதவின் கண்ணாடி வட்டம் வழியாக எட்டிப் பார்த்தேன். டாக்டர் கையை உயரத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். "சிஸ்டர், ஆரம்பிக்கலாமா?" என்கிறார். முகமூடிக்குமேல் கண் மட்டும் தெரிகிற ஒரு பெண்ணிடமிருந்து குரல் வந்தது. "பொறுங்க டாக்டர்." அவ்வளவு பெரிய டாக்டர் பொறுத்தார். அந்தப் பெண் எங்கள் அம்மா. வீட்டில் அம்மா சொல்லி நாங்கள் யாரும் ஒரு தம்ளர் தண்ணீருக்குக்கூடப் பொறுத்ததில்லை. அந்த வருஷம்தான் தியேட்டருக்கு அவளையே இன்சார்ஜ் ஆக்கப்போவதாகப் பேச்சு இருந்தது. அம்மா வெளியே காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் தலைமுடியைப் புதுசாகக் கொண்டை போடப் பழகிக்கொண்டிருந்தாள்.

மனுத்தாக்கல் அன்றைக்கு அப்பா காட்டிய இடத்தில் அம்மா கையெழுத்துப் போட்டாள். மறுத்திருக்கலாமே என்று நம்முடைய பெண்கள் கேட்பார்கள். கேட்கட்டும். அந்த வீட்டில், அந்த வருஷத்தில், முகம் கறுத்து சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிற புருஷனை வைத்துக்கொண்டு எப்படி மறுப்பது என்று அவர்களே வந்து காட்டட்டும். மொட்டைமாடியில் துணி எடுக்கும்போதுதான் அம்மா என்னிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"மேட்ரனம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? இப்போதைக்கு லீவு எழுதிக் குடுத்துட்டுப் போ. தோத்துட்டா மறு திங்கக்கெழம வந்துடு, ஒன் எடம் அப்பிடியே இருக்கும். ஜெயிச்சிட்டா வராத. கட்சிக்காரன் கொடிக்காரன்லாம் ஆஸ்பத்திரிக்குள்ள வரக்கூடாதுன்னு பெரிய டாக்டரு கண்டிசனா சொல்லிட்டாராம்."

"அப்போ நீ தோத்துடும்மா."

"என் கையிலயாடி இருக்கு?" என்றாள் அம்மா. அப்புறம் என் கன்னத்தைப் பிடித்து, "அப்பாகிட்ட சொல்லிடாத" என்றாள்.

ஆக, எங்கள் அம்மாவைத் தோற்கடிக்க வேண்டும் என்று அந்த வார்டில் இரண்டே பேர்தான் மனசார விரும்பினோம். ஒருத்தி வேட்பாளர், இன்னொருத்தி நான். எதிர்த்து நின்ற மாவு மில்காரர் மனைவிகூட அவ்வளவு விரும்பியிருக்க மாட்டாள். அவளும் புருஷனுக்குப் பதிலாக நிறுத்தப்பட்டவள்தான். பிரச்சாரத்தின்போது ஒரு முச்சந்தியில் இரண்டு கும்பலும் எதிரெதிரே வந்துவிட்டன. இரண்டு நெற்றியிலும் ஆரத்திச் சிவப்பு வழிந்துகொண்டிருந்தது. அம்மா அவள் கையைப் பிடித்து, "நல்லா சுத்தி நல்லா கேளும்மா, நீதான் ஜெயிக்கணும்" என்றாள். மாவு மில் அக்காவுக்கு முகம் தொங்கிவிட்டது. "கொழுப்பப் பாரு, கிண்டல் பண்ணுது" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே போனாள்.

பிரச்சாரம் முழுக்க சித்தப்பாவின் ரோம் திட்டம். நான் கேலிக்குச் சொல்லவில்லை. மனுஷன் நிஜமாகவே அந்த விளையாட்டை வைத்துத்தான் வார்டைப் பிரித்தார். அந்த சி.டி.யில் எத்தனையோ கான்சலை உருவாக்கியிருந்தார், அந்த நம்பிக்கை. "மொதல்ல பெரிய வீடுங்கண்ணா. அவங்க சாஞ்சா மத்தவன் தன்னால சாஞ்சிடுவான். ரோம்ல ஆயிரம் வருசமா இதான் நடந்துச்சு" என்று அப்பாவுக்குப் பாடம் எடுத்தார். அப்பாவும் வாயைப் பிளந்து கேட்டார். ரோம் என்றால் போப்பாண்டவர் ஊராயிற்றே, தப்பாகவா இருக்கும் என்று அவருக்கு ஒரு எண்ணம்.

ஒருநாள் சித்தப்பா இன்னொரு யோசனையோடு வந்தார்.

"அண்ணி வெள்ளப் பொடவதான் கட்டணும்ண்ணா. ரோம்ல எலெக்சன்ல நிக்கறவன்னாலே வெள்ளைதான். துணிக்கு சுண்ணாம்பு தேச்சி வெளுத்துக் கட்டிக்கினு போவானுங்க."

அப்பா எழுந்தே விட்டார். "டேய்! நான் உசுரோட இருக்கேன்டா!"

கடைசியில் சந்தனக் கலர் புடவையில் சமாதானம் ஆனது.

எங்கள் பக்கத்தில் அப்போதெல்லாம் பெரிய குடும்பங்களில் ஓட்டுக்குச் சத்தியம் வாங்குவது உண்டு. வீட்டுப் பெரியவர் தட்டில் கற்பூரம் ஏற்றி, அதன்மேல் கை வைத்து, "எங்க வீட்டு ஓட்டு மொத்தமும் ஒனக்குத்தான்" என்பார். எங்கள் சனத்தில் கற்பூரத்துக்குப் பதில் மாதா முன்னால் மெழுகுவர்த்தி. அப்பா நாலு கடைத்தெருவிலும் வீடு வீடாகப் போய் இந்தச் சத்தியத்தை வாங்கிக்கொண்டு வந்தார். அம்மா கைகூப்பிப் பக்கத்தில் நிற்பாள். பேச்சு முழுக்க அப்பா. ஒரு வீட்டுக்குச் சத்தியம் கிடைத்ததும் சித்தப்பா சென்டருக்கு ஓடிவந்து, "இன்னொரு செஞ்சுரி நம்ம பக்கம் பாப்பா" என்பார். செஞ்சுரி என்றால் அந்த விளையாட்டில் ஓட்டுக் கூட்டம்.

எனக்கோ உள்ளுக்குள் ஒரே குதூகலம். ஏனென்றால் நம்மூர்த் தேர்தல் அப்படி நடக்காது என்று எனக்குத் தெரியும். இங்கே கூட்டத்துக்கு ஒரு ஓட்டு இல்லை, தலைக்கு ஒரு ஓட்டு. யாரையும் பாதியில் போகச் சொல்லமாட்டார்கள். வார்டில் பாதிப் பேர் இருந்தது ஏரிக்கரைத் தெருவில். செங்கல் சூளைக்குப் போகிறவர்கள், ரயில்வே குட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள். அங்கே மட்டும் யாரும் போகவே இல்லை. போனால் கடைத்தெருப் பெரிய வீடுகள் முகம் சுளிக்கும் என்று அப்பாவுக்கும் பயம், மாவு மில்காரருக்கும் பயம். எங்கள் ஊரில் வாசலுக்கு வந்து கேட்காதவனுக்கு ஓட்டுப் போடமாட்டார்கள். "வந்து கேக்கல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். ஏரிக்கரைக்கு நாங்கள் போகாதவரை அந்த ஓட்டு எங்களுக்கு இல்லை என்று நான் கணக்குப் போட்டேன். மாவு மில் அக்காவின் புருஷனுக்குக் கடைத்தெருவில் சொந்தம் அதிகம். இப்படியே போனால் அம்மா தோற்றுவிடுவாள், திங்கட்கிழமை ரயில் ஏறிவிடுவாள். "பெரிய வீட்ட மட்டும் பாத்தா போதும் இல்ல சித்தப்பா?" என்று நானே தூபம் போட்டேன். "ஏரிக்கரை வேணாம். ரோம்ல அவங்கள கூப்புடவே மாட்டாங்க." சித்தப்பா என் முதுகில் தட்டிக்கொடுத்து, தேன்மிட்டாய் வாங்கித் தந்தார்.

இருந்தாலும் பயம். தினம் சாயங்காலம் கோயிலில் மாதா சொரூபத்துக்கு முன்னால் முழங்கால் போடுவேன். கொஞ்ச நேரம் கழித்து அப்பாவும் வந்து பக்கத்தில் முழங்கால் போடுவார், அம்மா ஜெயிக்க வேண்டும் என்று. ஒரே வீட்டிலிருந்து ஒரே மாதாவிடம் இப்படி இரண்டு மனு. மாதா என்ன செய்வாள் பாவம். அப்பா என் தலையைத் தடவி, "நல்லா வேண்டிக்க பாப்பா, கொழந்த கேட்டா மாதா தட்டாது" என்பார். நான் கண்ணை இன்னும் இறுக்க மூடிக்கொள்வேன்.

அப்புறம் மழை பிடித்தது. விடாத மழை. ஏரி நிரம்பி, கலங்கல் வழிந்து, ஏரிக்கரைத் தெருவுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. கிணறும் சாக்கடையும் ஒன்றாகிப்போனதில் பிள்ளைகளுக்கு வாந்தி பேதி. ஓட்டுப்பதிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, மத்தியானம், ஒரு சூளைக்காரர் தலையில் யூரியாச் சாக்கைப் போட்டுக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். அப்பா கடைசிக் கட்டச் சத்தியங்களுக்காகக் கடைத்தெருவில் இருந்தார்.

"சிஸ்டரு, புள்ளைக்குக் கண்ணு உள்ள போயிடுச்சிங்க. குடிக்கற தண்ணி நிக்க மாட்டேங்குது. ஜி.எச்சுக்குத் தூக்கிக்கினு போலாம்னா ரோட்டுல இடுப்பளவு தண்ணிங்க."

அம்மா அலமாரியைத் திறந்து சலைன் பாட்டில், ஊசி, பஞ்சு எல்லாவற்றையும் பையில் எடுத்து வைக்க ஆரம்பித்தாள். நான் ஓடிப்போய் வாசற்படியில் கையிரண்டையும் விரித்து நின்றுகொண்டேன்.

"போவாதம்மா."

"வழி விடு."

"நீ போனா ஜெயிச்சிடுவம்மா!"

சூளைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. ரோமில் ட்ரிப்யூன் எழுந்து நின்று தடுக்கிறேன் என்றால் செனட்டே நிற்கும். நான் அதைத்தான் சொன்னேன், சத்தமாகவே சொன்னேன். "நான் தடுக்கறேன். போவக்கூடாது. வேற யாரையாவது அனுப்பு. ஒன் வேலை போயிடும்மா, தியேட்டர் போயிடும்மா."

அம்மா என் முன்னால் உட்கார்ந்தாள். பையைத் தோளில் மாட்டியபடியே உட்கார்ந்தாள்.

"வேலை போயிடுமேன்னு பயந்துக்கினு வூட்ல ஒக்காந்துட்டா, அந்த வேலைக்குப் போறதுக்கு எனக்கு இன்னாடி யோக்கியத இருக்கு?"

அவள் என்னை ஒரு கையால் தூக்கி ஓரமாக நகர்த்தி வைத்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன். அந்த இரண்டு நாளும் சலைன் பாட்டிலை உயரத் தூக்கிப் பிடிக்கிற ஆணி நான்தான். கை மரத்துப்போகும், மாற்றிப் பிடிப்பேன். கூரையிலிருந்து ஒழுகுகிற தண்ணீர் கழுத்துக்குள் இறங்கும். ஈரச் சாணமும் டெட்டாலும் சேர்ந்த வாசனை. கண் உள்ளே போன பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கண் திறந்து, மூத்திரம் போக ஆரம்பித்தன. மூத்திரம் போனதைப் பார்த்து சிரித்த ஒரே ஆளை நான் பார்த்தது அங்கேதான், எங்கள் அம்மாவை.

ஓட்டைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காதது மட்டுமல்ல, கிளம்பும்போது ஒவ்வொரு வாசலிலும் கையெடுத்துக் கும்பிட்டு, "எனக்கு ஓட்டுப் போட்றாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வாய்விட்டுச் சொன்னாள். தெருவே சிரித்தது.

"கேட்டியாடி, இப்பிடிச் சொல்றவங்கள எங்கனா பாத்துருக்கியா? போடுன்னு சொல்றவன்தான் வருவான். போடாதன்னு சொல்ல வந்துருக்காங்க பாரு, தங்கம்!"

"நெசமாத்தான் சொல்றேன்க்கா."

"நெசமாத்தான் நாங்களும் போடறோம், நீங்க போங்க சிஸ்டரு."

தலையிலடித்துக்கொள்ளத் தோன்றியது எனக்கு. ஒரு மனுஷி உண்மையைச் சொன்னால் நம்புவதற்கு அந்த ஊரில் ஒரு ஆள் இல்லை. வீட்டில் புருஷன் நம்பவில்லை, வேண்டாம் என்றால் வெட்கம் என்றார். வெளியில் ஊர் நம்பவில்லை, வேண்டாம் என்றால் அடக்கம் என்றது.

ஓட்டுப்பதிவு அன்றைக்கு மழை விட்டிருந்தது. பள்ளிக்கூட மதில்மேல் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். கற்பூரத்தில் சத்தியம் செய்த வீடுகளில் பாதிப் பேர் வரவேயில்லை, வந்தவர்களில் பாதி மாவு மில்காரருக்குச் சொந்தம். பத்து மணிக்கு மேல் ஏரிக்கரைத் தெரு திரண்டு வந்தது. சேறு காயாத காலோடு, பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். சாயங்காலம் வரைக்கும் அந்த வரிசை குறையவில்லை. விளையாட்டில் இந்நேரம் இவர்கள் மங்கிப்போயிருப்பார்கள். மங்கிப் போங்களேன், மங்கிப் போங்களேன் என்று நான் மதில்மேல் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். ஏழைபாழைகள் ஓட்டுப் போடக்கூடாது என்று அப்படி வேண்டிக்கொண்ட வாய் இது. ஒருத்தரும் மங்கவில்லை.

நடந்தது என்ன என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மா அதற்கப்புறம் அந்த ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகவே இல்லை. எந்த ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. ஐந்து வருஷம் கவுன்சிலராக இருந்தாள். நகராட்சிக் கூட்டத்துக்கு அப்பா கூடவே போய்ப் பின்னால் உட்கார்ந்து என்ன பேசவேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார். ஊர் அப்பாவைத்தான் கவுன்சிலர் என்று கூப்பிட்டது. சித்தப்பா கடைசிவரை தன் ரோம் திட்டம்தான் ஜெயித்தது என்று நம்பினார். "பெரிய வீடுங்கள புடிச்சோம் பாத்தியா" என்று கல்யாண வீடுகளில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். ஏரிக்கரைக்கு அம்மா போனது அவர் கணக்கிலேயே இல்லை. அப்பா நல்லவர்தான். சித்தப்பாவும் நல்லவர்தான். அதை நினைத்தால்தான் எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாக இருப்பேன்.

எண்ணிக்கை நடந்த ஹாலின் பின்பக்க ஜன்னலில் நான் தொங்கிக்கொண்டிருந்தேன். உள்ளே மேசை போட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். அம்மா ஒரு நாற்காலியில் மடியில் கையைக் கோத்து உட்கார்ந்திருந்தாள். கட்டுகள் கூடக்கூட அப்பாவின் முகம் மலர்ந்தது. அம்மாவின் முகத்தில் ரத்தம் வற்றிக்கொண்டே போனது. கடைசிக் கட்டும் முடிந்தது. அதிகாரி எண்ணிக்கையை வாசித்தார். அப்பா சித்தப்பாவைக் கட்டிப்பிடித்து, மனுஷன் தேம்பித் தேம்பி அழுதார். வெளியே யாரோ சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள். மாவு மில்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். அவர் மனைவி அவருக்கு முன்னாலேயே, விட்டால் போதும் என்பதுபோலப் போய்விட்டாள்.

அம்மா எழுந்து நேராக அதிகாரியின் மேசைக்குப் போனாள்.

"சார், இன்னொரு வாட்டி எண்ணுங்க சார்."

அதிகாரி கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார். "அம்மா, நீங்கதாம்மா ஜெயிச்சிருக்கீங்க. தோத்தவங்கதான் மறுபடி எண்ணச் சொல்லுவாங்க."

"தெரியும் சார். தப்பா எண்ணியிருக்கலாம் இல்ல? எதுக்கும் ஒரே ஒரு வாட்டி பாத்துடுங்க சார். உங்களக் கும்புட்டுக் கேக்கறேன்."

ஹாலே சிரித்தது. போலீஸ்காரர் சிரித்தார், எண்ணிக்கொண்டிருந்த வாத்தியார்கள் சிரித்தார்கள். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து, "என் சம்சாரம் சார், சூது வாது தெரியாது" என்றார். அம்மா கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. அதிகாரியும் சிரித்துக்கொண்டே சான்றிதழை அம்மா பக்கம் நகர்த்தி, கையெழுத்துப் போடப் பேனாவை நீட்டினார். அம்மா வாங்கவில்லை. அப்பாதான் வாங்கினார். கூப்பியிருந்த கைகளைப் பிரித்து, வலது கை விரல்களுக்கு நடுவில் பேனாவைச் செருகி, "இங்க போடு" என்று காட்டினார்.

அம்மா போட்டாள்.